கடைசியில் வருபவருக்கு ஓய்வே கிடையாதா?

"வந்துவிட்டீர்களா, கிளம்பலாமா?" என்ற கேள்வியை இனி எந்தச் சைக்கிள் குழுவும் என்னிடம் கேட்க வேண்டாம். நெடுந்தூரப் பயணத்தில் ஒருமுறையாவது பின்வரிசையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது இதற்குள் புரிந்திருக்கும்.

நேற்று எண்பது கிலோமீட்டர் கடந்து ஒரு நீண்ட ஏற்றம். அதன் உச்சியில் முன்னணியினர் அரை மணி நேரமாக மரநிழலில் அமர்ந்திருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியாயிற்று, காலுறையை உலர்த்தியாயிற்று, கொண்டுவந்த பழத்தைத் தின்றாயிற்று, ஒருவர் குட்டித் தூக்கமே போட்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் நானும் இன்னும் இருவரும் மூச்சிரைக்க வந்து சேர்கிறோம். பிரேக்கை அழுத்துகிறேன், ஒரு காலைத் தரையில் ஊன்றுகிறேன், மற்றக் கால் இன்னும் பெடலில்தான் இருக்கிறது. தண்ணீர்ப் புட்டியின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, முதல் மடக்கு தொண்டையில் இறங்குவதற்குள், அத்தனை பேரும் எழுந்து உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு கையுறையை மாட்டுகிறார்கள். எங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தார்களாம். காத்திருந்தது எங்களுக்காக என்றால், ஓய்வு நேரம் நாங்கள் வந்த பிறகல்லவா தொடங்க வேண்டும்?

பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். "உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும், மெதுவாக மிதித்துக்கொண்டே வாருங்கள்" என்று அறிவுரை கிடைத்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பிடிக்காத கால் எனக்கு மட்டும் எப்படிப் பிடித்துக்கொள்ளும்? கேட்டதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. எல்லோரும் இறக்கத்தில் பாதி தூரம் போய்விட்டார்கள்.

குழுவாக ஓட்டுவதன் முதல் பயனே காற்றைப் பங்கு போட்டுக்கொள்வதுதான். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது; முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி மிதிக்கிறவருக்குச் சமதளத்தில் ஏறக்குறைய கால் பங்கு உழைப்பாவது மிச்சமாகும். வலுவானவர்கள் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் பறந்துவிட்டால், அந்தச் சலுகை முழுவதும் அது தேவையில்லாதவர்களுக்கே போய்ச் சேர்கிறது, எதிர்காற்று முழுவதும் களைத்தவரின் நெஞ்சில் வந்து மோதுகிறது. போதாததற்கு அவருடைய ஓய்வையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். மாலைக்குள் அவர் இன்னும் பின்தங்குவார். உடனே "இன்னும் பயிற்சி வேண்டும்" என்பார்கள்.

இதற்கெல்லாம் நூறு வருடங்களுக்கு முன்பே வழி கண்டிருக்கிறார்கள். பிரான்சில் 1904-ல் தொடங்கிய ஆடாக்ஸ் முறையில் ஒரு கேப்டன் முன்னால் நின்று வேகத்தை மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று கட்டுக்குள் வைத்திருப்பார். குழு சேர்ந்தே ஓடும், சேர்ந்தே இளைப்பாறும். அது பிடிக்காதவர்களுக்கு அவரவர் வேகத்தில் ஓட்டும் ரேண்டனர் முறை 1921-ல் வந்தது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். அதற்குள் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பது அவரவர் பாடு. இரண்டுமே நியாயம்தான். ஆனால் "யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்து அழைத்துவந்து, வேகத்தில் தனித்தனியாகவும் கிளம்பும்போது மட்டும் ஒன்றாகவும் இருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கடைசியில் வருபவர் இறங்கி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "போகலாம்" என்று தாமே சொல்லும் வரை ஒரு சக்கரமும் நகரக் கூடாது. எந்தக் குழுவுக்கும் இந்த ஒரு விதி போதும்.

இரவு தங்குமிடத்தில் அந்த உச்சியில் எடுத்த குழுப்படத்தைக் காட்டினார்கள். அதில் நாங்கள் மூவரும் இல்லை. நாங்கள் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். கேட்டால், வெளிச்சம் போய்விடுமே என்று அவசரமாக எடுத்தார்களாம். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த வெளிச்சம் எங்கே போய்விடும்?