விசைப்பலகையில் கை வைத்திருப்பவருக்கே ஃபோகஸ்

ஏஐ ஏஜென்டுகள் நமது கணினித் திரையில் தாமாகவே வேலை செய்வதற்கென வெளிவரும் கருவிகளில், எந்தச் சாளரத்தையும் நினைத்த நேரத்தில் முன்னுக்குக் கொண்டுவரும் திறன் ஒரு பெரிய வசதியாகச் சொல்லப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவன் என்ற முறையில், இந்த வசதி இயல்பாகவே அணைக்கப்பட்ட நிலையில்தான் வரவேண்டும் என்பது எனது கருத்து.

விசைப்பலகையிலிருந்து வரும் எழுத்து எந்தச் சாளரத்தில் ஃபோகஸ், அதாவது தட்டச்சை ஏற்கும் நிலை, இருக்கிறதோ அங்கேதான் போய்ச் சேரும். அதைத் தட்டியது மனிதரா மென்பொருளா என்று பெரும்பாலான செயலிகள் பார்ப்பதில்லை. ஆகவே ஏஜென்ட் ஒரு சாளரத்தில் எழுத விரும்பினால், மிக எளிய வழி அதை முன்னுக்கு இழுப்பதுதான். ஆனால் விண்டோஸ் 98, 2000 காலத்திலிருந்தே பின்னணியில் ஓடும் செயலி தன்னிச்சையாக முன்னுக்கு வருவதை மைக்ரோசொப்ட் தடுத்துவைத்திருக்கிறது. அப்படி முயன்றால் கீழேயுள்ள டாஸ்க்பாரில் அதன் பொத்தான் மினுங்குவதோடு சரி. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் வேலண்ட் என்ற அமைப்பில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். இந்தத் தடைகள் பயனரின் பக்கம் நின்று போடப்பட்டவை. ஆல்ட் விசையை அழுத்தியதுபோல் பாசாங்கு செய்வது, இன்னொரு செயலியின் உள்ளீட்டோடு தன்னை இணைத்துக்கொள்வது போன்ற பழைய தந்திரங்களால் அவற்றைத் தாண்டிவிட்டு, அதையே திறமை என்று விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் தொழிலில் இது எப்படி வந்து முடியும் என்பதைச் சொல்கிறேன். காணி உறுதிகளையும் பிரதேச செயலகத்துக்கான விண்ணப்பங்களையும் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கும் கடைகள் இங்கே இருக்கின்றன. (ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு இலங்கையின் தரநிலையாகியும் கைப்பழக்கம் விடுவதாயில்லை.) பாமினியில் திரையில் தெரிவது தமிழ் என்றாலும் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே, 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மூலப்பிரதியில் கண்ணை வைத்துக்கொண்டு, பரப்பும் குழியும் எல்லைகளும் மளமளவென்று அடித்துக்கொண்டிருப்பவர் திரையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் ஏஜென்ட் ஒரு எக்செல் தாளை முன்னுக்கு இழுத்தால், உறுதியின் அரைவாசி வரி பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக யாரோ ஒருவரின் கணக்குக் கட்டத்துக்குள் போய் விழும். மறுபக்கமாக, ஏஜென்ட் அனுப்பும் யூனிகோட் (இணையத்தில் எங்கும் பயன்படும் பொதுக் குறியீட்டு முறை) எழுத்து பாமினிக் கோப்புக்குள் நுழைந்தால், வேறொரு எழுத்துருவில் தமிழாகவே தெரிவதால் அவசரத்தில் அது கண்ணில் படாமலே அச்சுக்குப் போய்விடலாம். அழித்துத் திருத்தக்கூடிய எழுத்தை விடவும் என்டர் விசையே எனக்கு அதிகம் பயம். 'சேமிக்காமல் மூடவா' என்று கேட்கும் பெட்டியில் தவறான பொத்தான் தெரிவாகியிருக்கையில் விழும் ஓர் என்டர் போதும்.

தானியங்கி வேலை புதியதல்ல. விசை அழுத்தங்களைத் தானாகச் செய்யவைக்கும் ஓட்டோஹொட்கி என்ற மென்பொருள் 2003 முதலே இருக்கிறது. அதில் எழுதப்பட்ட கட்டளை மில்லிசெக்கனில் முடிந்துவிடும், அதுவும் நாமே எழுதி நாமே தொடக்குவது. ஏஜென்ட் அப்படியல்ல. அது திரையைப் படம்பிடித்து, ஏஐ மொடலுக்கு அனுப்பி, பதில் வந்த பிறகுதான் சொடுக்குகிறது. இடையில் சில செக்கன்கள் கழிகின்றன. அதற்குள் வாடிக்கையாளர் பென்டிரைவைச் செருகியிருக்கலாம், வட்ஸ்அப் சாளரம் திறந்திருக்கலாம். ஏஜென்ட் பார்த்த திரை ஒன்று, எழுதும் திரை இன்னொன்று.

மாற்று வழி கையிலேயே இருக்கிறது. விண்டோஸ் விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்து விண்டோஸில் உள்ள யூஐ ஓட்டோமேஷன், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்கள் போன்றவற்றுக்காகவும் உருவான ஏற்பாடு. அதன் வழியாகப் பல பொத்தான்களை ஃபோகஸைத் தொடாமலே இயக்கலாம், கட்டங்களை நிரப்பலாம். பழைய கணக்கு மென்பொருள்கள் சில இதற்கு ஒத்துழைக்கமாட்டா என்பது உண்மை. அங்கே ஃபோகஸ் தேவைதான். ஆனால் மனிதர் விசைப்பலகையிலிருந்து கையெடுத்த பிறகே அதைக் கேட்க வேண்டும், எழுதுவதற்குச் சற்று முன் எந்தச் சாளரம் முன்னால் நிற்கிறது என்று மறுபடி சரிபார்க்க வேண்டும், மௌஸ் அசைந்த உடனேயே நிறுத்த வேண்டும், முடிந்ததும் முன்பிருந்த சாளரத்தைத் திருப்பிக்கொடுக்க வேண்டும். கொப்பி செய்தவை தங்கியிருக்கும் கிளிப்போர்ட்டுக்கும் இதே நியாயம்: நான் கொப்பி செய்து வைத்த அடையாள அட்டை இலக்கத்தை அழித்து ஏஜென்ட் தன் வரியை அங்கே வைப்பதை எப்படி ஏற்பது?

2024 ஒக்டோபரில் அந்திரோபிக் என்ற ஏஐ நிறுவனம் கணினியை இயக்கும் வசதியை வெளியிட்டபோது, அதன் மாதிரி அமைப்பு டொக்கர் கொள்கலனுக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்து மென்பொருளை ஓடவிடும் சூழல்), தனியான மெய்நிகர்த் திரையில்தான் ஓடியது. அதுவே முறை. எங்கள் கடைகளின் பழைய கணினிகள் அந்தச் சுமையைத் தாங்குவது கடினம் என்பதால், யாருமில்லாத இரவிலோ பின் அறையில் சும்மா இருக்கும் கணினியிலோ ஏஜென்டை ஓடவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. வாடிக்கையாளரை எதிரில் இருத்திவைத்து உறுதி அடிக்கும் கணினியில், மேற்சொன்ன நிபந்தனைகளை ஏற்கும் கருவி வரும்வரை, நிறுவவே வேண்டாம் என்றுதான் கேட்கிறவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.