தேதிக்குக் கீழே ஓர் 'ஐ'

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் ஓர் அருங்காட்சியகத்தின் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தபோது ஜான் ஸ்மார்ட் வரைந்த குட்டி உருவப்படம் ஒன்று கண்ணில் பட்டது. சிவப்புக் கோட்டும் பவுடர் போட்ட தலையுமாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி. ஓரத்தில் ஜே.எஸ். என்று கையெழுத்து, அடியில் வருடம், அதற்கும் அடியில் எறும்பு மாதிரி ஆங்கில 'ஐ' எழுத்து. அந்த 'ஐ' என்றால் இந்தியா.

ஸ்மார்ட் 1785 முதல் 1795 வரை மெட்ராஸில் இருந்து வரைந்தவர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவையும் வரைந்திருக்கிறார். ஆமாம், நம்ம வாலாஜா ரோடு வாலாஜாதான். ஆனால் படத்தோடு நான் பார்த்த குறிப்பில் 'ஆங்கிலேய ஓவியர்' என்பதோடு சரி, மெட்ராஸ் என்ற பேச்சே இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஓவியர் இங்கிலாந்துக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் படத்துக்கு உட்கார்ந்தவன் சம்பாதித்தது இங்கே, படம் பிறந்ததும் இங்கே. ஓவியரே மறக்காமல் எழுதி வைத்ததை, குறிப்பு எழுதியவர் ஏன் விட வேண்டும்?

இதை எப்படி வரைவார்கள் என்று தெரிந்தால் அந்த 'ஐ' இன்னும் கனக்கும். தந்தத்தைத் தாள் மாதிரி மெல்லிசாகச் சீவி, எண்ணெய்ப்பசை போகத் தேய்த்து, அதன்மேல் நீர்வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் கூடினாலும் முன்பு வைத்த வண்ணம் கரைந்து மேலே வந்துவிடும். கன்னத்தில் தெரிகிற பளபளப்பில் பாதி, வண்ணத்துக்கு அடியில் இருக்கிற தந்தத்தின் வெளிச்சம். மொத்தப் படமும் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம்தான். மே மாத மெட்ராஸில், மின்விசிறி இல்லாத காலத்தில், மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆவது!

அப்படிக் கஷ்டப்பட்டு வரைந்ததை எதற்கு வாங்கினார்கள்? லண்டனுக்குக் கப்பலில் போய்ச்சேரக் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆகும். ஆள் போக முடியாது, முகம் போகலாம். அம்மாவோ மனைவியோ உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதற்கான அளவு அது. இப்படிப்பட்ட படங்களின் பின்பக்கத்தில் சில சமயம் கண்ணாடிக்குள் ஒரு கொத்துத் தலைமுடியும் இருக்கும். பதிலுக்குக் கடிதம் வரும்போது இவன் உயிரோடு இருப்பானா என்பது வேறு விஷயம். ஸ்மார்ட்டின் மகனும் ஓவியர்தான். மெட்ராஸுக்கு வந்தவர், 1809ல் இங்கேயே இறந்துபோனார்.

தூங்குவதற்கு முன்னால் அந்த அதிகாரியை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்துவரை துணி, மேலே அந்தச் சிவப்புக் கோட்டு. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.