ஷட்டில் பேட்டை கையில வச்சுக்கோங்க, கெஞ்சியாவது

எங்க ஷட்டில் குரூப்புல வெளியூர் டோர்னமென்ட்னு ஒன்னு வந்துட்டா ஆட்டத்தப் பத்திப் பேச்சே இருக்காது, பேட்டை ஃப்ளைட்ல கையில கொண்டு போலாமா பெட்டியோட போட்டுரணுமாங்கறதுதான் ஓடிட்டு இருக்கும். எனக்கு இதுல சந்தேகமே கிடையாது. கையிலதான். ஒருதடவை பட்டவன் சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஹைதராபாத்துக்கு வெட்டரன்ஸ் டபுள்ஸ் ஆடப் போனோம். கவுன்டர்ல இருந்த தம்பி கிட் பேக்கப் பாத்ததும் "சார் நீளமா இருக்கு, மேல விட மாட்டாங்க, செக்-இன் பண்ணிருங்க"ன்னாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல, கேபின் பேக்னா 55 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு, பேட் 67க்கு மேல வரும். ஆனா எடை என்ன தெரியுமா, 85 கிராம். என் போன் அதுக்கு ரெண்டு மடங்கு இருக்கும். உடையற சாமான் தம்பின்னேன், உடனே ஃப்ரஜைல் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு டேக்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாரு. பரவால்லயே, பத்திரமா பாத்துக்குவாங்க போலன்னு நானும் சந்தோஷமா போட்டுக் குடுத்தேன். உள்ள போய் உக்காந்து அந்தத் துண்டுச் சீட்டப் படிச்சாத்தான் தெரியுது, உடைஞ்சா நீங்க பொறுப்பில்லன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்!

இறங்கி பெல்ட்ல எடுத்துப் பாத்தேன், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் காலைல முதல் மேட்ச், செகண்ட் கேம், நல்லா ஏறி ஒரு ஸ்மாஷ் அடிச்சேன், டொக்குன்னு ஒரு சத்தம், தலை மடங்கித் தொங்குது. என் பார்ட்னர் இறகுப் பந்து எங்கன்னு பாக்காம என் கையவே பாத்துட்டு நிக்கறாரு.

கார்பன் ஃப்ரேம் அப்படித்தான். மயிரிழை கீறல் விழுந்தா கண்ணுக்குத் தெரியாது. நான் 26 பவுண்டுல கட்டிங் போட்டிருந்தேன் (அந்தக் கட்டிங் இல்லப்பா, நரம்பு கட்டுறது). நெடுக்கா மட்டும் 22 நரம்பு, ஒவ்வொன்னும் 26 பவுண்டு இழுக்குதுன்னா 572 பவுண்டு, கிட்டத்தட்ட கால் டன். 85 கிராம் சாமான் அத்தனையும் தாங்கிட்டு நிக்குது, அதுல எவன் பெட்டியோ ஏறி உக்காந்து ஒரு கீறல் விட்டா எப்ப வேணா போகும்.

குரூப்புல ஒரு அண்ணன் இருக்காரு, லக்கேஜ் வைக்கிற இடத்துல காத்தழுத்தமே இருக்காது நரம்பு தெறிச்சிரும்னு சொல்லி ஊர்ல இருந்தே நரம்ப அறுத்துட்டு வருவாரு. அது சும்மா. பயணிகள் விமானத்துல கீழயும் மேல மாதிரியே அழுத்தம் இருக்கும், நாய் பூனையெல்லாம் அங்கதான் வருது. நம்ம எதிரி காத்து இல்ல, அடுத்தவன் ட்ராலி பேக்.

சரி என்னதான் பண்றதுன்னா, ஆறு பேட் புடிக்கிற பெரிய கிட் பேக்க மறந்துருங்க, அதப் பாத்தாலே அவங்களுக்குக் கை துறுதுறுங்கும். ஒல்லியான உறைல ரெண்டே ரெண்டு, தோள்ல மாட்டிக்கோங்க. டிக்கெட் போட்டதுமே ஏர்லைனுக்கு மெயில் அனுப்பி பதில் வாங்கி போன்ல வச்சுக்கோங்க, கவுன்டர்ல அதுக்கு இருக்கற மரியாதை நம்ம பேச்சுக்கு இல்ல. அமெரிக்காவுல, பிரிட்டன்லெல்லாம் செக்யூரிட்டிலயே டென்னிஸ் ராக்கெட்ட கையில விடறாங்க. நம்ம ஊர்ல கிரிக்கெட் பேட், ஹாக்கி ஸ்டிக் மேல கொண்டு போகக்கூடாதுன்னு லிஸ்ட்லயே இருக்கு, அது நியாயம், ஓங்கி அடிச்சா மண்டை போயிரும். ஷட்டில் பேட்டால அடிச்சா கொசு சாகும், அவ்ளோதான். க்ரிப் வெட்டற குட்டிக் கத்திரிய மட்டும் பெட்டில போட்டுருங்க, அது ஒன்னுக்காக என் பைய மொத்தமா கொட்டிக் கவுத்தாங்க ஒருதடவை.

உள்ள ஏறினதும் பேட்டை முதல்ல வைக்காதீங்க. எல்லாரும் பெட்டிய அடுக்கி முடிக்கட்டும், கடைசியா மேலாப்புல படுக்க வைங்க. ஏடிஆர் மாதிரி சின்ன ஃப்ளைட்னா மேல இடமே பத்தாது, ஏர்ஹோஸ்டஸ்கிட்ட கேளுங்க, எனக்கு ஒருதடவை கடைசி சீட்டுக்குப் பின்னாடி நிக்க வச்சுக் குடுத்தாங்க.

அந்த ஹைதராபாத் ட்ரிப்ல திரும்பி வர்றப்ப மிச்சமிருந்த ஒரு பேட்டோட கேட்ல நின்னு அதே நீளக் கதைய மறுபடி பேசிட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி போனவர் கையில பிரியாணி பக்கெட் மூணு, பிஸ்கட் பை ரெண்டு. யாரும் டேப் எடுக்கல.