கடையில் ஓடும் கிறிஸ்மஸ் பாட்டு யார் காதுக்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் பாதிக் கடைகளில் ஜிங்கிள் பெல்ஸ்தான். துணி எடுக்க வருகிறவருக்கு அது அரை மணி நேரம். நட்சத்திர விளக்கு வாங்க வருகிறவருக்குப் பத்து நிமிஷம். கடைக்குள் நின்று வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கோ காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை. என்ன பாட்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற முதலாளியோ, அவர் மகனோ, ஸ்பீக்கர் மாட்ட வந்தவரோ அந்தப் பதினொரு மணி நேரமும் அங்கே நின்று கேட்பதில்லை. கேட்கிறவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம் என்றால் மணிக்கு ஒரு சுற்று. ஒரு நாளைக்குப் பதினொரு சுற்று. டிசம்பர் 1 முதல் 24 வரை ஒரே பாட்டு 264 தடவை! எவ்வளவு பிடித்த பாட்டானாலும் இதைத் தாங்குமா?

ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த ஊழியர்களுக்காக, 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆனது. கேரளத்தில் அதற்கு முன்பே வந்துவிட்டது. காலுக்குக் கிடைத்த நியாயம் காதுக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் மனசாரச் சொல்கிறேன்.

என்னுடையது சின்னக் கடை. வாழ்த்து அட்டை, நட்சத்திரம், குடில் பொம்மை, பரிசுச் சாமான். இங்கே நவம்பர் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து பாட்டுகளைக் கேட்போம். வேண்டாம் என்று யார் சொன்னாலும் அந்தப் பாட்டு போய்விடும், காரணம் கேட்பதில்லை. முதலில் போனது மணி குலுங்குகிற பாட்டெல்லாம். பில் போடுகிற பிள்ளை சொன்னாள்: "அண்ணாச்சி, இந்த மணிச் சத்தத்த மட்டும் எடுத்துருங்க. ராத்திரி படுத்தாலும் காதுக்குள்ளயே கேக்கு." அவள் சொல்வது சரிதான். அந்தக் கீச்சுச் சத்தம் பேச்சுக்கு மேலே ஏறி நிற்கும், அதை ஒதுக்கிவிட்டு விலையைக் காதில் வாங்க முடியாது. 1857-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட அந்த ஜிங்கிள் பெல்ஸ் பாட்டில் கிறிஸ்மஸ் என்ற சொல்லே கிடையாது. பனியில் குதிரை வண்டி ஓட்டுகிற பாட்டு அது. எடுத்துவிட்டால் பண்டிகைக்கு ஒரு குறையும் வராது.

அடுத்தது பெருங்குரல் பாட்டுகள். அமெரிக்கப் பாடகி மரியா கேரியின் 1994 பாட்டு 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்மஸ் இஸ் யூ' எனக்கு மிகவும் பிடிக்கும். வெளிவந்து கால் நூற்றாண்டு கழித்து, 2019-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவ்வளவு பலம் அதற்கு. அந்தப் பலம்தான் கடைக்கு ஆகாது. என்னைக் கவனி, என்னைக் கவனி என்று இழுக்கிற பாட்டை வீட்டில் வைத்து ஆசை தீரக் கேட்கலாம். எண்ணிச் சில்லறை கொடுக்கிற இடத்தில் வேண்டாம்.

"நெல்லையில் ஏது பனி, பனிப் பாட்டு எதற்கு?" என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் வழக்கில்லை. பனி கொட்டட்டும் என்று கொண்டாடுகிற 'லெட் இட் ஸ்னோ' பாட்டே 1945 ஜூலையில், ஹாலிவுட்டில், வெயில் கொளுத்தியபோது எழுதினதுதான். வெயிலில் பிறந்தது வெயிலில் ஓடலாம். வேகமும் சத்தமும் எப்படி என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

சபைப் பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு. ஊசிக் கோபுரம் என்கிற எங்கள் பாளையங்கோட்டை தேவாலயத்தின் நிழலில் வளர்ந்தவன் நான். உருகி ஜெபிக்கிற வார்த்தைகள் மேலே ஓட, கீழே "ரெண்டு எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று பேரம் நடப்பது எனக்கு வலிக்கிறது. கடையில் நிற்கிறவர்களும் வருகிறவர்களும் எல்லாரும் கிறிஸ்தவர்களும் இல்லை. அதனால் வார்த்தை இல்லாமல் வாத்தியம் மட்டும். 'ஒப்பில்லா திரு இரா' என்று நம் சபைகளில் பாடுகிறோமே, அது 1818 கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில் முதலில் பாடப்பட்டபோது கூட இருந்தது ஒரே ஒரு கிடார்தான். வார்த்தை ஜோசப் மோர் என்ற குருவானவருடையது, மெட்டு ஃப்ரான்ஸ் க்ரூபர் என்ற பள்ளி ஆசிரியருடையது. தனிக் கிடாரில் அதை வாசித்துக் கேட்டால் அந்தப் பிறப்பு தெரிகிறது. எங்கள் பட்டியலில் யாரும் கை வைக்காத பாட்டும் அதுதான்.

மற்றபடி நிலைத்தவை: பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர் வாசிக்கிற வின்ஸ் குவரால்டியின் 1965 ஜாஸ். இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் கிறிஸ்மஸ் கான்செர்ட்டோ என்கிற வாத்திய இசை, அதிலும் கடைசிப் பகுதி. தொட்டில் ஆட்டுகிற மாதிரி போகும். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' நாட்டிய இசையில் பாதி தேறியது, பாதி ஆர்ப்பாட்டம் என்று போய்விட்டது. பிறகு வயலினில் நம் கீர்த்தனைகள். வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் நம் நெல்லைச் சீமையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்தவர். நம் ராகத்தில், நம் தாளத்தில் கிறிஸ்தவப் பாட்டு கட்டிய மனிதர். அவர் பிறந்த சீமையில் கடைத்தெரு முழுக்க ரீமிக்ஸ் அலறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மெதுவாக ஓடினால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிற கடைக்காரர்களுக்கு ஒன்று. 1982-ல் வெளிவந்த ஆய்வு இது. அமெரிக்காவில் ரொனால்ட் மில்லிமன் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேகப் பாட்டையும் மெதுப் பாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மெதுப் பாட்டு ஓடிய நாட்களில் ஜனங்கள் நிதானமாக நடந்தார்கள், விற்பனையும் ஏறத்தாழ 38 சதவீதம் கூடுதல்.

ஸ்பீக்கரை பில் கவுன்ட்டருக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். சத்தம் பேச்சுக்குக் கீழேயே இருக்கட்டும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சுத்தமாக நிறுத்திவிடுங்கள், அந்த அமைதிக்கு உங்கள் பிள்ளைகள் முகம் மலரும். டிசம்பருக்கு முன்னால் தொடங்கவே வேண்டாம். இன்னொன்று, சொந்த போனில் மாதச் சந்தா கட்டியிருக்கிறோம் என்று கடையில் அதையே போடுவது சரியில்லை. அந்தச் சந்தா வீட்டுக்கு. கடையில் ஒலிபரப்ப உரிமம் தனியாக வாங்க வேண்டும். பழைய மெட்டுக்கு உரிமை முடிந்திருக்கலாம், ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் 60 வருஷம் உண்டு.

அதனால் ஒரு வேண்டுகோள். புல்லாங்குழலிலோ நாதஸ்வரத்திலோ கிறிஸ்மஸ் கீர்த்தனைகளை நிதானமாக வாசிக்கிற கலைஞர்கள் நம் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பதிவு செய்து, உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு, இந்த டிசம்பரில் கடையில் ஓடவிட ஆசை. கூடச் செலவைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிற கடைக்காரர்களும் எழுதுங்கள்.