இறுவட்டு வெளியிட்டாச்சு, பாட்டு எங்கே?

போன மாதமும் கிளிநொச்சியில் ஓர் இறுவட்டு (சிடி) வெளியீட்டுக்குப் போய் வந்தேன். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை எல்லாம் முடிந்து முதற்பிரதி ஒருவர் கையில் சேர இரண்டரை மணித்தியாலம், பாட்டு ஓடியது நாலு நிமிடம். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்க எங்களிடம் பிளேயர் இல்லை. பாடிய தம்பியிடம் "ஸ்பொட்டிஃபையில் இருக்கா?" என்று கேட்டால், "ஸ்ரூடியோ அண்ணை எல்லாத்திலயும் ஏத்துவார்" என்கிறான்.

எனக்கு வயிறு எரிந்தது. நானும் அப்படிக் கொடுத்துக் கெட்டவன்தான். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்தோம். மெட்டு என்னுடையது, வரி மச்சானுடையது, ஒலிப்பதிவுக் காசு நாலு பேரும் போட்டது. பதிவு செய்தவர் தன் கணக்கில், தன் பெயரில் ஏற்றிவிட்டார். அடுத்த வைகாசியில், பொங்கலுக்கு முன் நடக்கிற பாக்குத் தெண்டல் சடங்கு வீடியோவுக்கு நாங்கள் அதே பாட்டைப் போட, காப்புரிமைக் கோரல் வந்து நிற்கிறது. எங்கள் பாட்டுக்கு எங்களுக்கே! ஒரே பாட்டா என்று தானே ஒப்பிட்டுப் பார்க்கிற யூரியூப்பின் கொன்டென்ட் ஐடிக்கு மெட்டுப் போட்டவன் யாரென்று தெரியாது, யார் கணக்கிலிருந்து பாட்டு வந்ததோ அவரைத்தான் தெரியும்.

அதனால் தம்பிமார், தங்கச்சிமார், உங்கள் பாட்டை உங்கள் கணக்கிலிருந்தே ஏற்றுங்கள். ஸ்பொட்டிஃபையில் நேரே போட முடியாது, இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ரோகிட் என்ற நிறுவனம் வருடச் சந்தா வாங்கும், எத்தனை பாட்டும் போடலாம், ஆனால் சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடும் (இறங்காமல் இருக்கத் தனியாகக் காசு கட்ட வேண்டும்). சிடி பேபி என்ற நிறுவனத்தில் வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம், பிறகு வருமானத்தில் 9 வீதம். வருடத்துக்கு ஒரு பாட்டுப் போடுகிற எங்களைப் போன்ற ஆட்களுக்கு இரண்டாவதுதான் நிம்மதி என்பது என் எண்ணம். கணக்குத் திறக்க முதல் காசு எந்த வழியால் வரும் என்று பாருங்கள். கேட்பவருக்கு நேரே பாட்டு விற்கிற பாண்ட்காம்ப் தளம் பாட்டு விற்பனையில் 15 வீதம் எடுக்கும், நல்ல இடம், ஆனால் பேபால் வழியாகத் தருவது. இலங்கையிலிருந்து பேபாலில் காசு பெறுவது எவ்வளவு காலமாகச் சிக்கல் என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு விநியோக நிறுவனமான டியூன்கோர், பேயோனியர் என்ற காசு அனுப்பும் சேவை மூலம் அனுப்பும், அது இங்கத்தைய வங்கிக்கு வந்து சேரும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து, இலக்கம் கொண்ட குறியீடு ஒன்று கிடைக்கும். குறித்து வையுங்கள். நிறுவனம் மாறினாலும் அதே குறியீட்டோடு ஏற்றினால்தான் பாட்டு எத்தனை தடவை கேட்கப்பட்டது என்ற எண்ணிக்கை ஒன்றாகச் சேரும். யார் பாடியது, யார் எழுதியது, யாருக்கு எத்தனை வீதம் என்பதை ஒரு கொப்பித் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கள். மச்சான் என்றாலும் வையுங்கள்.

பெரிய காசு வரும் என்று நினைக்காதீர்கள். 2024 இலிருந்து ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாவிட்டால் ஒரு சதமும் இல்லை. ஆனால் கனடாவில் இருக்கிற சித்தி மகன் தேடினால் உங்கள் பெயரோடு அகப்படும். வெளியீட்டு விழா மண்டப வாடகையில் ஒரு பங்கு போதும் இதுக்கு.

நேற்று அந்தத் தம்பிக்குப் போன் எடுத்து, "முதலில் உன் பாட்டின் முழுத்தர வேவ் கோப்பை வாங்கி வை" என்றேன். ஸ்ரூடியோ அண்ணையிடம் கேட்டானாம். வட்ஸ்அப்பில் தரம் குறைந்த எம்பி3 வந்ததாம்.