பிர்ரோ பள்ளத்தில் விழவில்லை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசியவர் பெயரை எழுதப்போவதில்லை. "பிர்ரோ என்று ஒரு கிரேக்கக் கிறுக்கன், எதையும் நம்பமாட்டான், எதிரே வண்டி வந்தாலும் ஒதுங்கமாட்டான்" என்றார். அரங்கமே சிரித்தது. "இன்றைக்கும் சிலர் இருக்கிறார்கள், எதைக் கேட்டாலும் தெரியாது என்பார்கள்" என்று அடுத்து அவர் சொன்னது என்னைப் போன்றவர்களைத்தான்.

பிர்ரோ பழங்காலக் கிரேக்கத் தத்துவவாதி. சரி, அந்த வண்டிக் கதை எங்கே இருக்கிறது? பிர்ரோ இறந்து சுமார் 500 ஆண்டுகள் கழித்து தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளாக டயோஜெனிஸ் லேர்ஷியஸ் தொகுத்த நூலில். வண்டி, பள்ளம், நாய் எதற்கும் ஒதுங்காமல் நடப்பார், நண்பர்கள் கூடவே போய்க் காப்பாற்றுவார்கள் என்று அதில் வருகிறது. அதை ஒட்டியே, பிர்ரோவின் வழியில் பின்னாளில் வந்த ஈனெசிடெமஸ் சொன்னதும் வருகிறது: தத்துவத்தில்தான் அவர் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார், அன்றாடக் காரியங்களில் கவனமாகவே இருந்தார். கிட்டத்தட்ட 90 வயது வரை வாழ்ந்தார் என்பதும் அங்கேதான் இருக்கிறது. முதல் வரியைப் படித்தவர் அடுத்த வரியையும் படித்திருக்க வேண்டாமா?

எலிஸ் நகரத்தில் ஏழை ஓவியராக இருந்தவர் அவர். குரு அனக்சார்க்கஸோடு அலெக்சாண்டரின் படையின் பின்னே இந்தியா வரை வந்து, ஆடையில்லாத துறவிகளைப் பார்த்துவிட்டுப் போனவர். ஊர் திரும்பி, மருத்துவச்சியாக இருந்த சகோதரி பிலிஸ்தாவோடு குடியிருந்தார். கோழியையும் பன்றிக்குட்டியையும் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார், வீடு துடைத்தார். அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தலைமைப் பூசாரியாக்கினார்கள். அவருக்காகத் தத்துவவாதிகள் எல்லோருக்கும் வரி வேண்டாம் என்றார்கள். ஒரு கிறுக்கனுக்கா இதையெல்லாம் செய்வார்கள்?

அவருடைய சீடர் டைமன் எழுதிய ஒரு வரி போதும்: தேன் இனிப்பானது என்று நான் உறுதி கூறவில்லை, இனிப்பாகத் தோன்றுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதில் எங்கே நம்பாமை இருக்கிறது? நாக்கில் பட்டதை அவர் மறுக்கவே இல்லை. அதற்கு மேல் ஒரு படி தாவ மறுத்தார், அவ்வளவுதான். அவர் வழிவந்தவர்களைக் குறிக்கும் 'ஸ்கெப்டிகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கே ஆராய்கிறவர் என்றுதான் பொருள். கண்டுபிடித்துவிட்டோம் என்பவர்கள், கண்டுபிடிக்கவே முடியாது என்பவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் என்று மூன்று வகையாகப் பிரித்தார், அதே வழியில் பின்னாளில் எழுதிய செக்ஸ்டஸ் எம்பிரிகஸ். பிர்ரோவின் வழிவந்தவர்கள் மூன்றாம் வகை. மறுபடியும் சொல்கிறேன்: இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள்.

இந்த செக்ஸ்டஸ் ஒரு மருத்துவர். அது எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது முதலில் பார்த்த டாக்டர் இரண்டே நிமிடத்தில் "டைபாய்டுதான், சந்தேகமே வேண்டாம்" என்றார். எட்டு நாள் மருந்து கொடுத்தோம், காய்ச்சல் இறங்கவில்லை. வேறிடம் கொண்டுபோனோம். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா, "இப்போதைக்கு எனக்குத் தெரியலை, முழுசாப் பார்க்கணும்" என்றார். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அக்குளில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் புண். ஸ்க்ரப் டைஃபஸ், ஒருவகைச் சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்; அந்தப் புண் அது கடித்த இடம். மருந்தை மாற்றிய இரண்டாம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். தெரியலை என்ற அந்த ஒரு வார்த்தையால்தான் அவர் எனக்குக் கிடைத்தார்.

'இது மதில்மேல் பூனைத்தனம்' என்று பின்னூட்டம் வரும். மதில்மேல் பூனை எந்தப் பக்கம் லாபம் என்று பார்க்கும். தேடுகிறவன் எது உண்மை என்று பார்க்கிறான். இரண்டும் ஒன்றா? தெரியாது என்று சபையில் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று தெரியும். ஆறு வருடமாக நான் சொல்லி வருகிறேன், ஒவ்வொரு முறையும் கோழை என்றுதான் பெயர் கிடைத்திருக்கிறது. 'கண்முன்னே அநியாயம் நடந்தாலும் தெரியாது என்பாயா?' என்றும் கேட்பீர்கள். மாட்டேன். அனக்சார்க்கஸ் சேற்றில் விழுந்து கிடந்தபோது பிர்ரோ கைகொடுக்காமல் கடந்து போனார் என்று ஒரு கதை உண்டு. அது எனக்கும் பிடிக்காத கதைதான்.

பேசியவர் மேல்கூட எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. முன்வரிசையில் சிரித்தவர்களில் என் நண்பர் ஒருவரும் இருந்தார். அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். டாக்டரம்மா தெரியலை என்று சொன்னபோது என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.