எத்தனை ஏபி என்று கேட்காதீர்கள்

சனிக்கிழமை நம் தமிழ்ப் பெற்றோருக்காக நடந்த கல்லூரி வழிகாட்டல் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "விடும்மா, அந்தப் பேச்சாளர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்" என்று பெரியவர்கள் சிலர் சமாதானம் சொன்னார்கள். சரி என்று விட்டேன். ஆனால் அங்கே பேசியதை யாரோ தொகுத்து வாட்ஸ்அப்பில் போட, அது இப்போது இங்கே அமெரிக்காவில் உள்ள நம் தமிழ்க் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றுகிறது. "பன்னிரண்டு ஏபி-க்குக் குறையாமல் எடுத்தால்தான் பிள்ளை கல்லூரியில் தாக்குப்பிடிக்கும்." (ஏபி என்பது பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம், அதற்கென்று தனித் தேர்வும் உண்டு.) இதைப் படித்துவிட்டு ஓர் அம்மா நேற்று எனக்கு ஃபோன் செய்து அழுதார். அவருடைய பையன் எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு!

அதனால் எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை எத்தனை ஏபி எடுத்தான் என்பதை வைத்து அவன் கல்லூரியில் எப்படிப் படிப்பான் என்று சொல்ல முடியாது. எடுத்ததை எவ்வளவு ஒழுங்காகக் கற்றான் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

"இது உங்கள் சொந்தக் கருத்து" என்று அடுத்த நிமிடமே கமெண்ட் வரும். இல்லை ஐயா. 2004-ல் பெர்க்லியில் சால் கெய்சர், வெரோனிகா சாண்டெலிசஸ் என்ற இருவர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த 80,000-க்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பள்ளியில் எடுத்த ஏபி, ஆனர்ஸ் (பள்ளியின் உயர்நிலை) பாடங்களின் எண்ணிக்கைக்கும் கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை. அதே பிள்ளைகள் மே மாதம் எழுதும் ஏபி தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் கல்லூரிப் படிப்புக்கும் மட்டும் நல்ல தொடர்பு இருந்தது. எண்ணிக்கைக்கு இல்லை, கற்றதற்கு இருந்தது. நான் சொல்வதும் இதுதானே?

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலைக்கழகமும் தன் மாணவர்களை வைத்து இப்படி ஒரு கணக்குப் பார்த்தது. கல்லூரித் தரப் பாடங்கள் ஐந்து வரை போகும்போது முதலாண்டு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) ஏறுகிறது. அதற்கு மேல் பத்து எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பன்னிரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பேச்சாளர் இன்னும் சொல்லவில்லை. நான் கூட்டத்திலேயே கை தூக்கிக் கேட்டேன். "அனுபவம்" என்றார்.

அனுபவம் எனக்கும் இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) கணக்கு நடத்துகிறேன். ஏபி எடுத்துவிட்டு வரும் பிள்ளைகள், எடுக்காமல் வரும் பிள்ளைகள், பதினோராம் வகுப்பிலேயே டூயல் என்ரோல்மெண்ட்டில் (பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுப்பது) வந்து உட்காரும் பிள்ளைகள், எல்லோரையும் ஒரே வகுப்பில் பார்க்கிறேன். ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். கால்குலஸ் பள்ளியிலேயே முடித்தவன். செயின் ரூல் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். ஒரு நாள் அவன் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. 1/(x+2) என்றிருந்த பின்னத்தை, 1/x + 1/2 என்று இரண்டாக உடைத்துக் கூட்டி எழுதியிருந்தான். அதற்கு மேல் போட்ட கால்குலஸ் அத்தனையும் சரி. அடியில் இருந்த பின்னம்தான் தப்பு. கூப்பிட்டு, எக்ஸுக்கு 2 போட்டுப் பார் என்றேன். ஒரு பக்கம் 1/4 வந்தது, இன்னொரு பக்கம் 1 வந்தது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அல்ஜீப்ரா எப்போது படித்தாய் என்று கேட்டேன். கோடை விடுமுறையில் ஒரு டியூஷன் சென்டரில் வேகவேகமாக முடித்தார்களாம், ஒரு வருடம் முன்னால் போய்விடலாம் என்று.

இதை நான் மட்டும் பார்க்கவில்லை. ஹார்வர்டில் பிலிப் சாட்லரும் கெர்ஹார்ட் சொன்னர்ட்டும் கல்லூரியில் கால்குலஸ் படிக்கும் மாணவர்களை வைத்து இதையே ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். பள்ளியிலேயே கால்குலஸ் படித்திருப்பது உதவத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முந்தைய அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, ப்ரீகால்குலஸில் உள்ள பிடிமானம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உதவுகிறது. ஃபோனில் அழுத அந்த அம்மாவுக்கு இதைத்தான் சொன்னேன். அவருடைய பையன் இப்போது படிப்பது அல்ஜீப்ராதான். அதை அவசரப்படுத்தாமல் படிக்க விடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அடுத்த கேள்வி வரும், தெரியும். "ஏபி, டூயல் என்ரோல்மெண்ட் எடுத்த பிள்ளைகள்தானே கல்லூரியில் நன்றாகப் படிக்கிறார்கள்? புள்ளிவிவரமே இருக்கிறதே?" இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. டூயல் என்ரோல்மெண்ட் எடுத்தவர்களில் 81 சதவீதம் பேர் பள்ளி முடித்த முதல் வருடத்திலேயே கல்லூரியில் சேர்ந்தார்கள், பள்ளி மாணவர்களில் பொதுவாக அது 70 சதவீதம்தான். நல்ல செய்தி. ஆனால் அந்தப் பாடங்களை எடுப்பது யார்? ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளை. வீட்டில் தனி அறை இருக்கிற பிள்ளை. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடிகிற பிள்ளை. பள்ளி ஆலோசகர் தானாகவே கூப்பிட்டு "நீ இதை எடு" என்று சொல்கிற பிள்ளை. அந்தப் பிள்ளை எதையுமே எடுக்காவிட்டாலும் கல்லூரிக்குப் போகத்தான் செய்யும். டெக்சாஸ் மாணவர்களை வைத்து கிறிஸ்டின் க்ளோப்ஃபென்ஸ்டைனும் கேத்லீன் தாமஸும் 2009-ல் செய்த ஆய்வில், குடும்பப் பின்னணியையும் பள்ளியில் எடுத்த மற்றப் பாடங்களையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, ஏபி என்ற பெயருக்கென்று தனியாகப் பெரிய பலன் எதுவும் மிஞ்சவில்லை.

"அப்போது ஏபி வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை! எங்கே சொன்னேன்? தயவுசெய்து வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். ஏபி-யால் நிஜமாகவே பலன் உண்டு, அதற்கு நல்ல சான்றும் உண்டு. ஸ்மித், ஹர்விட்ஸ், ஏவரி என்ற மூவர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு அருமையானது. ஏபி மதிப்பெண் வெளியே 1 முதல் 5 வரை என்று தெரிந்தாலும், உள்ளே நுணுக்கமான ஒரு மொத்தப் புள்ளி இருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு ஒரு புள்ளி மேலே இருப்பவனுக்கு 3, ஒரு புள்ளி கீழே இருப்பவனுக்கு 2. இருவரின் திறமையும் ஒன்றுதான், ஆனால் ஒருவனுக்குக் கல்லூரி கிரெடிட் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததாகவே கணக்கு) கிடைக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை. இப்படிப்பட்டவர்களை ஒப்பிட்டபோது, கிரெடிட் கிடைத்தவர்கள் நான்கு வருடத்தில் பட்டம் வாங்கும் வாய்ப்பு ஒரு தேர்வுக்கு 1 முதல் 2 சதவீதப் புள்ளி கூடியது. அதாவது, கிரெடிட் உதவுகிறது. அது தேர்வில் தேறினால்தான் கிடைக்கும். கிடைக்கும் உதவியும் பிள்ளையின் தலையெழுத்தை மாற்றுகிற அளவு இல்லை. அதற்காக மூன்று வருடத் தூக்கத்தைக் கொடு என்று கேட்பது என்ன நியாயம்?

எல்லாக் கல்லூரியும் கிரெடிட் கொடுப்பதும் இல்லை. டார்ட்மவுத்தில் உளவியல் துறை என்ன செய்தது தெரியுமா? ஏபி சைக்காலஜியில் 5 வாங்கி வந்தவர்களுக்குத் தங்கள் முதல் பாடத்தின் இறுதித் தேர்வைச் சுருக்கி வைத்துப் பார்த்தது. 90 சதவீதம் பேர் தேறவில்லை. அதன் பிறகு 2013-ல் ஏபி-க்குக் கிரெடிட் தருவதையே நிறுத்தப்போவதாக அந்தக் கல்லூரி அறிவித்தது. ஒரு தேர்வுக்குக் கிட்டத்தட்ட 100 டாலர் கட்டுகிறோம். கட்டும் முன் பிள்ளை போக விரும்பும் கல்லூரியின் இணையப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

அட்மிஷனுக்கு வேண்டுமே என்பவர்களுக்கு ஒரு வரி. ஏபி போன்ற பாடங்களுக்கு ஜிபிஏ-வில் கூடுதல் புள்ளி தரும் கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதற்கு எடுத்துக்கொள்வது அதிகபட்சம் எட்டு செமஸ்டர் பாடங்களைத்தான். அதாவது நான்கு முழு வருடப் பாடங்கள்.

டூயல் என்ரோல்மெண்ட் பற்றிக் கூட்டத்தில் யாருமே சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே வாங்கும் கிரேடு விளையாட்டு இல்லை. அது நிஜமான கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பட்டியல்) ஏறும். பதினாறு வயதில் வாங்கிய சி கிரேடு அழியாது. பிள்ளையை டாக்டர் ஆக்க வேண்டும் என்று கனவு காண்பவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடம் உட்பட எல்லா டிரான்ஸ்கிரிப்ட்டும் கொடுக்க வேண்டும். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், பள்ளியில் ஏற்கெனவே ஐந்து ஏபி, மேலே இது. நவம்பரில் கண்ணெல்லாம் உள்ளே போய், வகுப்பில் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். பாடத்தை டிராப் செய்யக் கடைசித் தேதி போயிருந்தது. அந்த கிரேடைப் போட்டது நான்தான். அவள் மக்கு இல்லை. அவளுக்கு ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரம்தான் இருந்தது.

இப்போது என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் இருந்தவர்கள் பார்த்தீர்கள். காலேஜில் படிக்கும் பிள்ளைகள் வந்து சின்னவர்களிடம் பேசட்டும் என்று நீங்கள்தான் அழைத்தீர்கள். வார இறுதியில் அவளுக்கு ஆயிரம் வேலை. அத்தனையையும் விட்டுவிட்டு வந்தாள். மேடையில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன படிக்கிறாய் என்று இல்லை. "எத்தனை ஏபி?" நான்கு என்றாள். "நாலுதானா?" என்று அந்தப் பேச்சாளர் மைக்கில் சிரித்துவிட்டு, "இவர்களை மாதிரி ரிலாக்ஸாக இருக்கக் கூடாது" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். நீங்களும் சிரித்தீர்கள். எல்லோரும் இல்லை, ஆனால் நிறையப் பேர். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நான்கில் ஒன்று பயாலஜி. பத்தாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் குளத்துத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் காட்டியதிலிருந்து அவளுக்கு அதில் பைத்தியம். பாடப் புத்தகத்தைத் தாண்டி அவளாகவே படித்தாள். இன்று கல்லூரியில் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள், நன்றாகப் படிக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். அவளை ரிலாக்ஸ் என்று சொல்ல அந்த மனிதருக்கு என்ன தெரியும்? காரில் திரும்பி வரும்போது, "அம்மா, நான் சரியாகத்தானே பண்றேன்?" என்று கேட்டாள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிள்ளையை அப்படிக் கேட்க வைத்துவிட்டு, அதற்கு வழிகாட்டல் என்று பெயரா?

"பெற்றோர் பாசத்தில் எழுதுகிறீர்கள்" என்பீர்கள். ஆமாம், பாசத்தில்தான். அதனால் மேலே சொன்ன ஆய்வுகள் பொய்யாகிவிடுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், இது என்னைத் தூங்கவிடாத விஷயம். கல்லூரித் தரப் பாடங்களால் உண்மையிலேயே பெரிதாகப் பயன்பெறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நம் கூட்டத்துக்கு வருவதில்லை. எர்லி காலேஜ் ஹைஸ்கூல் என்று இருக்கிறது தெரியுமா? பள்ளியோடு சேர்த்தே கல்லூரிப் பாடங்களையும் செலவில்லாமல் அல்லது மிகக் குறைந்த செலவில் நடத்தும் பள்ளிகள். இடம் குறைவு என்பதால் பலவற்றில் குலுக்கல் போட்டுத்தான் சேர்ப்பார்கள். குலுக்கல் என்பதால், கிடைத்தவனும் கிடைக்காதவனும் ஒரே மாதிரிப் பிள்ளைகள், வசதிதான் காரணம் என்று தட்டிவிட முடியாது. அமெரிக்கன் இன்ஸ்டிடியூட்ஸ் ஃபார் ரிசர்ச் 2013-ல் இதை ஆராய்ந்தபோது, இடம் கிடைத்தவர்களில் 80 சதவீதம் பேர் கல்லூரிக்குப் போனார்கள், கிடைக்காதவர்களில் 71 சதவீதம். சும்மா இல்லை, ஒன்பது புள்ளி வித்தியாசம். காரணம் என்ன? அங்கே பாடத்தை மட்டும் தலையில் கட்டவில்லை. கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள், படிவம் நிரப்ப உதவினார்கள், "நீ கல்லூரிக்குப் போகக்கூடிய ஆள்தான்" என்று தினமும் நம்ப வைத்தார்கள்.

என் மாலை வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். குடும்பத்திலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்கள் படித்த பள்ளியில் கால்குலஸ் என்ற வகுப்பே இல்லை. வேலைச் சீருடையோடு நேராக வகுப்புக்கு வருவார்கள். ஒரு ஏபி கிடைத்திருந்தால்கூட அவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! நாமோ பன்னிரண்டா பதினான்கா என்று ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் குறையவில்லை. மூச்சு விட நேரம்தான் இல்லை. ஸ்கூல் போர்டு கூட்டத்தில் எழுந்து, பக்கத்துப் பள்ளியில் ஏன் கால்குலஸ் இல்லை என்று நம்மில் ஒருவராவது கேட்டிருக்கிறோமா?

அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வந்திருந்தால், பிள்ளையோடு உட்கார்ந்து நிரப்புங்கள். எதில் ஆர்வம், இந்த வருடம் எந்தப் பாடத்தில் திணறினான், இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான், இதையெல்லாம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கமெண்ட்டில் என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். மகளை இழுக்காதீர்கள். அவளிடம் கேட்டுத்தான் அவளைப் பற்றி எழுதினேன்.